பழைய ஃபைபர் போட்டுல மூணு நீலம்: ஒரு பெயிண்ட் மேட்சிங் கேஸ்

போட்டு நாகப்பட்டினத்துல ஓடுறது, 28 அடி ஃபைபர், 2005ல மோல்டுல இருந்து எடுத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரை முழுக்க ஃபைபர் போட்டா குடுத்தாங்கள்ல, அந்த வரிசைல வந்த ஒண்ணு. வெளிய வான நீலம், உள்ள வெள்ளை, மேல் விளிம்புக்குக் கீழ ஒரு சாண் அகலத்துக்கு சிவப்புப் பட்டை. அந்த நீலம் பெயிண்டு கிடையாது, ஜெல்கோட். மோல்டுல முதல்ல அடிக்கிற கலர் ரெசின் (இறுகிக் கெட்டியாகுற பிசின்), அது மேல தான் மேட்டு (கண்ணாடி இழைப் பாய்), ரெசின் எல்லாம். அதனால இத்தனை வருஷம் கழிச்சும் உரியல, வெளுத்துச்சு அவ்வளவு தான்.

துறைமுகச் சுவத்துல மோதி வலது பக்கம் அமரத்துக்கு, அதாவது போட்டோட பின்பக்கத்துக்கு, கொஞ்சம் முன்னாடி ஒடைஞ்சு போச்சு. வெட்டி எடுத்து, ஓரத்தை சரிவா தேய்ச்சு, உள்ளயும் வெளியயும் மேட்டு போட்டு, பட்டி பார்த்து, தேய்ச்சு வழவழன்னு ஆக்கியாச்சு. ஃபைபர் வேலைல எந்த வில்லங்கமும் இல்ல. ஓனர் அண்ணன் வந்து கையால தடவிப் பாத்துட்டு, "சரி தம்பி, அந்த எடத்துக்கு மட்டும் கலர் அடிச்சு விட்ரு, மத்ததெல்லாம் நல்லா தானே இருக்கு"ன்னாரு. வில்லங்கமே அந்த "மட்டும்"ல தான் ஆரம்பிச்சுது.

போட்டு மேல எந்த நீலத்தோட மேட்ச் பண்றது? பாத்தா ஒரு நீலம் தான் தெரியும், கிட்ட போனா மூணு இருக்கு. அடிபட்ட எடத்துக்குப் பக்கத்துல மேல் விளிம்போட ரப்பர் பட்டையைக் கழட்டினோம், அதுக்கு அடியில ஒரு விரல் அகலத்துக்கு நல்ல அழுத்தமான நீலக் கோடு, 2005ல மோல்டுல இருந்து வந்த கலர் அப்படியே. அதுக்குக் கீழ வெயில் நேரா அடிக்கிற பக்கவாட்டுல வெளுத்த நீலம், கையை வச்சா திருநீறு மாதிரி ஒட்டும். அப்புறம் தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு அடிக்கு டீசல் புகையும் அழுக்கும் ஏறி லேசா பச்சையடிச்ச ஒரு நீலம். இது போக முன்னாடி யாரோ அணியத்துப் பக்கம் (போட்டோட முன்முனை) கடைல "ஸ்கை ப்ளூ"ன்னு கேட்டு வாங்குன எனாமலை அடிச்சு வச்சிருந்தாங்க, அதை நான் கணக்குலயே சேக்கல, பிரைமர் இல்லாம ஜெல்கோட்டு மேல நேரா அடிச்சது நகத்தால கீறுனா ஏடு ஏடா வருது.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சிக்கணும், வெயில்ல கெட்டது நீலப் பொடி இல்ல. இந்த மாதிரி நீலத்துக்குப் போடுற தாலோ ப்ளூ வெயிலுக்கு நல்லாவே தாங்கும். அந்தப் பொடியைப் பிடிச்சு வச்சிருக்குற ரெசின் தான் மேலாப்புல செத்துப் போகுது, பிடிமானம் இல்லாம பொடி வெளிய நிக்குது, வெளிச்சம் சிதறுது, நம்ம கண்ணுக்கு வெள்ளையா தெரியுது. இதுக்கு சுலபமான டெஸ்ட் ஒண்ணு இருக்கு, விரலைத் தண்ணில நனைச்சு ஒரு தேய் தேய்ச்சுப் பாருங்க. ஈரமா இருக்குற வரைக்கும் அழுத்தமா தெரிஞ்சா கலர் உள்ள இருக்குன்னு அர்த்தம், ரப்பிங் கம்பவுண்ட் (தேய்ச்சு பளபளப்பு ஏத்துற பசை) போட்டா திரும்ப வரும். நனைச்சும் வெளுப்பாவே இருந்தா கலரே போயிடுச்சு. இந்தப் போட்டுல நீலம் முதல் வகை. சிவப்புப் பட்டை ரெண்டாவது வகை, நனைச்சாலும் ரோஸ் தான், சில சிவப்புப் பொடிங்க வெயிலுக்கு நிக்கவே நிக்காது.

அதனால கலர் டப்பாவைத் தொடுறதுக்கு முன்னாடி கழுவுற வேலை. சோப்புத் தண்ணி போட்டு உப்பெல்லாம் போக அலசி, காய வச்சு, மெழுகு கிரீஸ் போறதுக்கு தின்னர் துணி ஒரு தடவை, அப்புறம் அடிபடாத எடத்துல ஒரு முழம் அகலத்துக்கு 1000 நம்பர் வாட்டர் பேப்பர் லேசா ஓட்டிட்டு ரப்பிங் கம்பவுண்ட். இந்த ஒரு முழம் தான் நமக்கு மாஸ்டர். வெளுத்த கலரோட மேட்ச் பண்ணினா அடுத்த தடவை ஓனர் போட்டை நல்லா தேய்ச்சுக் கழுவுனாலே பேட்ச் மட்டும் வெளுப்பா தனியா நிக்கும், ரப்பருக்கு அடியில இருந்த கலரோட மேட்ச் பண்ணினா இன்னைக்கே தனியா நிக்கும். பாலிஷ் பண்ணின பழைய கலர், அது தான் குறி.

இதுல பெரிய ஊர் உதாரணம் ஒண்ணு சொல்றேன். இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத்ல நிக்குற விக்டரி கப்பல், 1765ல கடல்ல இறக்குனது, 1805 ட்ரஃபால்கர் கடல் சண்டைல இங்கிலாந்து தளபதி நெல்சன் நின்ன கப்பல். ரொம்ப காலமா அதுக்கு ஆரஞ்சு கலந்த ஒரு மஞ்சப் பட்டை தான் அடிச்சிட்டு வந்தாங்க. அப்புறம் பழைய பெயிண்டு ஏடுகளை சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல ஏடு ஏடா பாத்து, 1805ல எது மேல் ஏடா இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சு, 2015ல அந்தக் கலர்ல திரும்ப அடிச்சாங்க. வந்தது ரோஸ் கலந்த வெளிர் மஞ்ச. அங்க குறி 1805, நடுவுல வந்த ஏடு எல்லாம் பொய்க் கலர்னு தள்ளிடலாம். நமக்கு அந்த வசதி கிடையாது, போட்டுல பாதி பழசாவே இருக்கப் போகுது, அது கூட நாம அடிக்கிறது ஒத்துப்போகணும். ஆனா அந்த சுரண்டுற வித்தையை இங்கயும் பண்ணலாம். வேற வேற கலர் மேல மேல அடிச்ச போட்டா இருந்தா ஒரு எடத்துல வட்டமா சரிவா தேய்ங்க, வளையம் வளையமா ஒவ்வொரு ஏடும் தெரியும், எது பிரைமர் எது கலர்னு அங்கயே படிச்சுடலாம்.

அடுத்து எந்த சரக்குல கலக்குறது. ஜெல்கோட்லயே கலர் பேஸ்ட் சேத்து அடிக்கலாம், சின்ன ஓட்டை, கீறலுக்கு அது தான் நல்லது. ஆனா ஒடைஞ்ச எடம் பெருசு, ஜெல்கோட்டை திறந்த வெளில அடிச்சா மேலாப்பு பிசுபிசுன்னே நிக்கும், மெழுகுக் கரைசல் சேக்கணும், அப்புறம் மொத்தத்தையும் தேய்ச்சு பாலிஷ் பண்ணணும். ஆயில் எனாமல் விலை கம்மி, பிரஷ்ஷுல சுகமா ஓடும், ஆனா நம்ம வெயிலுக்கு ரெண்டு சீசன்ல மினுமினுப்பு போயிடும். நான் டூ பேக் பியூ தான் எடுத்தேன், அதாவது பெயிண்டும் ஹார்டனரும் தனித்தனியா வந்து அடிக்கும்போது கலக்குற பாலியூரித்தேன் பெயிண்டு, கீழ எப்பாக்ஸி பிரைமர். பியூ தின்னர் கடுமையானது, பழைய எனாமல் மேல பட்டா சுருக்கிப் பிடுங்கிடும், அதனால தின்னர் துணியை ஒரு அஞ்சு நிமிஷம் ஒட்டி வச்சுப் பாத்துட்டு, கரைஞ்ச எனாமல் பேட்ச் மொத்தத்தையும் முதல்லயே சுரண்டி எடுத்தாச்சு.

இப்ப கலர். ஓனரோட மச்சான் கடைக்குப் போய் "ஸ்கை ப்ளூ"ன்னு ஒரு டப்பா வாங்கிட்டு வந்துட்டாரு, பாசத்துல தான். பேரை நம்பி பெயிண்டு வாங்கவே கூடாது. நம்ம ஊர் ஐஎஸ் 5 கார்டுல (இந்தியத் தரக் கலர் அட்டை) 101 நம்பர் ஸ்கை ப்ளூ, வெளிறின இளநீலம். ஐரோப்பாவோட ரால் கலர் கார்டுல 5015, அதுக்கும் பேரு ஸ்கை ப்ளூ தான், அது பளிச்சுன்னு அடர்த்தியான நீலம். ரெண்டையும் பக்கத்துல வச்சா சொந்தக்காரன்னு கூட சொல்ல முடியாது. நம்பர் கேட்டு வாங்குங்க, அந்த நம்பரும் ஆரம்பப் புள்ளி தான், முடிவு இல்ல.

கடைல கலர் ஸ்கேன் பண்ற மெஷின் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, வீட்டுப் பெயிண்டுக்கு அருமையா வேலை செய்யும். ஆனா அதுக்கு தட்டையா, சுத்தமா, காசு அளவுக்காவது ஒரு துண்டு வேணும், வெளுத்த வளைஞ்ச மேற்பரப்பைக் காட்டினா அந்த வெளுப்பையும் சேத்துப் படிச்சுட்டு பால் கலந்த நீலத்தை சொல்லும். அது குடுக்குற ஃபார்முலாவும் பெரும்பாலும் எமல்ஷனுக்கோ எனாமலுக்கோ தான் இருக்கும், பியூல போட்டா அதே கலர் வராது. வீட்டுப் பெயிண்டுல கலக்குற ஸ்டெய்னர் கலர் டியூபை பியூல ஊத்துறவங்களும் உண்டு, வேண்டாம், ஒத்துக்காம திரிஞ்சு போகும், இல்லன்னா காயாம நிக்கும். அதே கம்பெனி, அதே சீரிஸ்ல வெள்ளை, நீலம், மஞ்ச, கறுப்பு வாங்கி அதுக்குள்ளயே கலந்தா தலைவலி இல்ல.

கலக்குறதுக்கு கிராம் தராசு அவசியம், சமையலுக்கு விக்குற டிஜிட்டல் தராசே போதும். கண்ணளவுல ஊத்துனா கலர் வந்துரும், திரும்ப வராது. முதல்ல நூறு கிராம் வெள்ளைல சோதனை. எப்பவும் வெள்ளைல தான் நீலத்தைச் சேக்கணும், நீலத்துல வெள்ளையை ஊத்தி வெளுக்க வைக்கலாம்னு ஆரம்பிச்சா ஊத்திக்கிட்டே இருக்க வேண்டியது தான், கடைசில டிரம் கணக்குல கலர் இருக்கும் மேட்ச் இருக்காது. தாலோ ப்ளூ அவ்வளவு வலு, சொட்டு அதிகமானாலே கலர் வேற திசைக்குப் போயிடும். அதனால கறுப்பையும் மஞ்சளையும் நேரா சேக்காம, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வெள்ளை சேத்து தனித்தனியா தாய்க்கலவை வச்சிக்கிட்டேன். தாய்க்கலவைல ஒரு கிராம் ஊத்துனா உண்மைல பத்துல ஒரு பங்கு கிராம் தான் போகுது, கை நடுங்குனாலும் பரவால்ல.

வெள்ளையும் நீலமும் மட்டும் சேத்தப்ப அழுத்தம் சரியா வந்துச்சு, ஆனா பக்கத்துல வச்சா நம்மது புதுச் சட்டை கணக்கா "சுத்தமா" தெரியுது. பழைய ஜெல்கோட்டுல எப்பவும் ஒரு மங்கல், ஒரு வெதுவெதுப்பு இருக்கும். மங்க வைக்க எல்லாரும் கறுப்பைத் தான் தேடுவாங்க. கறுப்பு வெள்ளையோட சேந்தா லேசா நீலச் சாம்பலா அடிக்கும், கலர் மங்கும், ஆனா குளுந்து போயிடும். அதனால கறுப்பு கொஞ்சம், கூடவே மஞ்ச கொஞ்சம், மஞ்ச பச்சைப் பக்கம் இழுத்துக்கிட்டு வந்து அந்த வெதுவெதுப்பைக் குடுத்துச்சு. மஞ்ச கூடிப்போனா கடல் பச்சை ஆயிடும், அப்ப பச்சையை அடக்க கடுகளவு சிவப்பு போதும், ஆனா எனக்கு அந்த அளவுக்குப் போகல. முடிவுல நின்ன கணக்கு: வெள்ளை ஒரு கிலோ, நீலம் சுமாரா 110 கிராம், மஞ்ச 9, கறுப்பு 5. இது இந்தப் போட்டுக்கு, நான் வாங்குன அந்த சரக்குக்கு மட்டும், உங்க டப்பாவுக்கு இதை அப்படியே போட்டுறாதீங்க.

டப்பாவுக்குள்ள பாத்து கலர் சரின்னு சொல்றது வீண். ஈரத்துல ஒரு கலர், காஞ்சா ஒரு கலர். ஹார்டனர் சேக்காம தடவுனா மினுமினுப்பு சரியா வராது, மினுமினுப்பு மாறினா கண்ணுக்கு கலரும் மாறும். அதனால ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஸ்பூன் கலவைல டப்பால போட்ட விகிதத்துக்கு ஹார்டனர் சேத்து, கனமான வெள்ளை அட்டைல ரெண்டு கோட்டு. அட்டை நடுவுல முன்னாடியே ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை போட்டு வச்சிருப்பேன். ராத்திரி காஞ்சதும் காலைல அந்த அட்டையை பாலிஷ் பண்ணின அந்த ஒரு முழத்து மேல ஒட்ட வச்சு, ஓட்டை வழியா போட்டோட நீலத்தைப் பாக்கணும். சுத்தி நம்ம கலர், நடுவுல பழைய கலர், நடுவுல வெள்ளை ஓரம் எதுவும் கிடையாது. கலர் வேறயா இருந்தா அந்த வட்டம் கண்ணைக் குத்தும், சரியா இருந்தா ஓட்டை எங்க இருக்குன்னு ஒரு நொடி தேடுவீங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு துண்டை வச்சுப் பாக்குறதைவிட இது பல மடங்கு கறார்.

பாக்குற வெளிச்சமும் முக்கியம். ஷெட்டுக்குள்ள டியூப் லைட்ல அச்சா ஒத்துப்போன ஒரு கலவை வெளிய வந்ததும் பச்சையடிச்சுது. வேற வேற பொடி கலந்து ஒரே கலரைக் கொண்டு வந்தா ஒரு வெளிச்சத்துல ஒத்துப்போகும், இன்னொண்ணுல பிரியும். போட்டு வெயில்ல தான் வாழப் போகுது, அதனால வெயில்ல தான் முடிவு. காலைல பத்து மணி வாக்குல, சூரியனுக்கு முதுகு காட்டி நின்னு, நேரா ஒரு தடவை, சாய்வா ஒரு தடவை, பத்தடி தள்ளி நின்னு ஒரு தடவை. உச்சி வெயில்ல பாத்தா எல்லா நீலமும் ஒண்ணா தெரியும்.

இன்னொரு சோதனை, பெரும்பாலானவங்க விட்டுர்றது. அட்டைல பெயிண்டு பாதி காஞ்சு பசையா இருக்கும்போது ஒரு மூலைல விரலை வச்சு வட்டமா தேய்ங்க. தேய்ச்ச எடம் காஞ்ச அப்புறம் பக்கத்து எடத்தைவிட அழுத்தமாவோ வெளுப்பாவோ இருந்தா கலவைக்குள்ள பொடிங்க ஒழுங்கா பிரியல, கட்டி கட்டியா சேந்து நிக்குதுன்னு அர்த்தம். அந்தக் கலவையை ரோலர்ல அடிச்சா ஒரு கலர், பிரஷ்ல அடிச்சா ஒரு கலர், டச்சப் பண்ணா இன்னொரு கலர். முதல் கலவைல இந்தப் பிரச்சனை இருந்துச்சு, டப்பா அடியில நீலம் படிஞ்சு இருந்ததை முழுசா கிளறாம எடுத்தது தான் காரணம். நீலத்தையும் கறுப்பையும் தனித்தனியா அடி வரைக்கும் கிளறி, மெல்லிசு துணில வடிகட்டி திரும்பக் கலந்தப்ப சரியாச்சு.

கலர் கிடைச்சாச்சுன்னு ஓனர் பேட்ச் அடிக்கச் சொன்னாரு. இங்க தான் நான் முரண்டு பிடிச்சேன். எவ்வளவு தான் மேட்ச் பண்ணினாலும் ஒரே பலகையோட நடுவுல பழசும் புதுசும் சந்திச்சா அந்தக் கோடு தெரியும், கலரால இல்லன்னா மினுமினுப்பால தெரியும். அது போக பியூ ஒரு வேகத்துல வயசாகும், ஜெல்கோட்டு ஒரு வேகத்துல வயசாகும், இன்னைக்கு ஒண்ணா இருக்குறது ரெண்டு வருஷத்துல பிரிஞ்சு நிக்கும். நான் சொன்னது: "அண்ணே, வலது பக்கம் முழுசா அடிப்போம், அணியத்துல இருந்து அமரம் வரைக்கும், மேல ரப்பர் பட்டை, கீழ தண்ணிக் கோடு. எடது பக்கத்தை கம்பவுண்ட் போட்டு மெழுகு போடுவோம். ஒருத்தன் ஒரே நேரத்துல ரெண்டு பக்கத்தையும் பாக்க முடியாதுல்ல." கொஞ்சம் யோசிச்சாரு. "அப்ப எதுக்கு தம்பி இவ்வளவு மெனக்கெட்டு கலந்த?"ன்னு கேட்டாரு, நியாயமான கேள்வி. அணியத்துல ரெண்டு பக்கமும் சந்திக்குற முனை இருக்கே, அங்க எங்க ஒளிக்க முடியும், அந்த ஒரு எடத்துக்காகத் தான். கலரைச் சரியா கொண்டு வர்றது பாதி வேலைன்னா, அதை எந்த ஓரத்துல நிறுத்துறதுன்னு முடிவு பண்றது மீதிப் பாதி, என்னைக் கேட்டா பெரிய பாதியே அது தான்.

சிவப்புப் பட்டைக்கு மேட்ச்சே பண்ணல. ரோஸா போன சிவப்பை மேட்ச் பண்ணணும்னா புது சிவப்புல வெள்ளையைக் கலந்து கெடுக்கணும், எதுக்கு? பட்டை ரெண்டு பக்கமும் மேலயும் கீழயும் ஓரம் உள்ள தனி வட்டாரம், சுத்தி முழுசா புது சிக்னல் ரெட், அதே ஐஎஸ் 5 கார்டுல 537 நம்பர், டப்பால இருந்து நேரா. சிவப்புக்கு மூடுற சக்தி கம்மி, கீழ இருக்குற பிரைமர் சாம்பலா இருந்தா மங்கலாத் தெரியும், அதனால அந்த எடத்துக்கு மட்டும் வெள்ளை பிரைமர். நீலத்துக்கும் அப்படித்தான், பட்டி ஒரு கலர், ஜெல்கோட்டு ஒரு கலர்னு இருந்தா ரெண்டு கோட்டு அடிச்சும் நிழல் தெரியும், முழுப் பக்கத்துக்கும் ஒரே பிரைமர் போட்டு ஒரே கலர் ஆக்கிட்டுத் தான் மேல போகணும். பதிவு எண் எழுதுன எடத்தை மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து, எழுத்தோட அளவைக் குறிச்சு, மீன்வளத்துறைலயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டோம்.

அளவு கணக்கு இப்படி: ஒரு பக்கம் நீளம் எட்டரை மீட்டர், உயரம் சராசரியா 0.9 மீட்டர், ஏழரை சதுர மீட்டர் சொச்சம். லிட்டருக்கு பத்து சதுர மீட்டர்னு வச்சா ரெண்டு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர், ரோலர் குடிக்குறது தட்டுல நிக்குறது எல்லாம் சேத்து ரெண்டு லிட்டர். அந்த ரெண்டு லிட்டரையும் ஒரே வாளில ஒரே தடவையா கலந்துரணும், பாதி வேலைல தீந்து போய் திரும்பக் கலந்தா அந்தக் கோடு சாகுற வரைக்கும் தெரியும். ஹார்டனரை மட்டும் அப்பப்ப தேவைக்கு, அரை லிட்டர் அரை லிட்டரா, இல்லன்னா டப்பாலயே கெட்டியாயிடும்.

அடிச்சது மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு, ஜூன் கடைசில. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகெல்லாம் கரைல இருக்கும், அப்ப பெயிண்ட் ஆளுங்களைக் கையில பிடிக்க முடியாது. காலைல பனி ஈரம் முழுசா காஞ்ச அப்புறம் ஆரம்பிச்சு, மதியம் கடக்காத்து எழும்புறதுக்கு முன்னாடி முடிச்சாச்சு. பியூ ஹார்டனர் ஈரத்தைக் கண்டா அதோட சேந்து வாயு விட்டு குமிழ் போடும், மினுமினுப்பு செத்துப் போகும். நுரை ரோலர்ல உருட்டி, பின்னாடியே இன்னொருத்தர் காஞ்ச நல்ல பிரஷ்ஷால லேசா மேலிருந்து கீழ தடவி விட்டா ஸ்ப்ரே அடிச்ச மாதிரியே வரும். ஸ்ப்ரே வேண்டாம்னு சொன்னதுக்கு வேற காரணம், பியூ ஹார்டனர் புகை நுரையீரலுக்கு ஆகவே ஆகாது, மூக்குல துண்டைக் கட்டிட்டு அடிக்குறாங்க, அது தூசிக்குக் கூட பத்தாது, கெமிக்கல் கேட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாம அதைத் தொடாதீங்க. ரோலருக்கும் மாஸ்க் போட்டுத்தான் அடிச்சோம்.

மழைக்காலம் முடிஞ்சு போய்ப் பாத்தேன். வலது பக்கம் மினுமினுப்பு அப்படியே நிக்குது, எடது பக்கம் மெழுகு தேஞ்சு கொஞ்சம் வெளுக்க ஆரம்பிச்சிருக்கு, அணிய முனைல கிட்ட நின்னா ரெண்டு நீலமும் லேசா விலகுறது எனக்குத் தெரியுது, ஓனருக்குத் தெரியல, நானும் காட்டல. எடது பக்கத்துக்கு வருஷம் ரெண்டு தடவை மெழுகு போடச் சொல்லியிருக்கேன், போட மாட்டாரு, அப்ப அந்தப் பக்கத்தையும் அடிக்க வேண்டி வரும். கலவைக் கணக்கை இன்ஜின் பெட்டி மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி மேல வார்னிஷ் அடிச்சு வச்சிருக்கேன், கம்பெனி பேரு, சீரிஸ், கிராம் எல்லாம். மிச்சம் இருந்த கலர் பெயிண்டு, ஹார்டனர் சேக்காதது, விளிம்பு நிறைய ஊத்தி சின்ன டப்பால மூடியாச்சு, அது கிடக்கும். தொறந்த ஹார்டனர் கிடக்காது, காத்து ஈரம் ஏறி கெட்டியாயிடும், அதை மட்டும் புதுசா வாங்கிக்கணும்.